எழுபதுக்கு எத்தனை

நாற்பத்தொரு காசு. மூன்றுக்குத்தான் சல்லி இருக்கு.
சிங்கப்பூருக்கு அனுப்பித் தரம் பார்க்க
ஒன்றுக்குப் பன்னீராயிரம், தபால் வேற.
சம்மாந்துறையில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்த நளீர்
ஹெல்மெட்டை மடியில் வைத்தபடியே சொன்னார்:
"எல்லாத்தையும் அனுப்பினா தோத்தீங்க மிஸ்.
நூறு ரூபாக் காசுக்குப்
பன்னீராயிரத்தில சட்டை தைக்கிறதா?"

சரிதான்.
களுவாஞ்சிகுடி வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டுச்
சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துவாய் விரித்து
ஒவ்வொன்றாய், விளிம்பில் மட்டும் பிடித்துத் தூக்குகிறேன்.
பழகிய கை. இருபத்தாறு வருடம்
கல்முனைக் கிளையில் அடகுப் பகுதி.
தாலிக்கொடி, அட்டியல், பிள்ளையின் காதுப்பூ.
உரைகல்லில் ஒரு கோடு, ஒரு சொட்டு அமிலம்,
"இருபத்தொண்டு இல்லை அம்மா, பத்தொன்பதுதான்" என்று
முகம் பார்க்காமல் சொல்லப் பழகிய வாய்.

இடது கண்ணில் இப்போது பால் ஆடை.
லென்ஸ் வெளியில வாங்குங்க என்று
ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த துண்டின் மேல்
பூதக்கண்ணாடியைப் பாரமாய் வைத்திருக்கிறேன்.

ஜோர்ஜ் தலைப் பத்துச் சதம்:
பூ விளிம்பு, நல்ல வடிவு, ஊர் முழுக்க உண்டு. வேண்டாம்.
ஒல்லாந்தர் துட்டு ஐந்தையும் உப்புத் தின்றுவிட்டது.
சேதுக் காசில் மாடு பாதி, எழுத்துப் பாதி.
அசலா என்று கேட்க மட்டும் அதை அனுப்பலாம்.

விக்டோரியா ஒரு சதம், 1870.
மரத்தில் ஓலை ஓலையாய் எண்ணலாம்.
இதுதான் முதலில் போயிருக்க வேண்டியது.
தொண்ணூற்றெட்டில் நானேதான்
பழப்புளி போட்டுத் தேய்த்தேன்,
கலியாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி.
பொன்னுக்குப் படித்தவள் செம்புக்குப் படிக்கவில்லை.
இன்னும் மினுங்குது; மினுக்கம்தான் அதன் வியாதி.
எண் தரமாட்டார்கள்.
கழுவப்பட்டது என்று ஒரு சொல் எழுதித் திருப்பி அனுப்புவார்கள்.

பிறகு இறைசால்.
பழைய உறுதிகளில் அப்படித்தான் எழுதியிருக்கும்.
வெள்ளி, 1821, ஒரு பக்கம் ஆனை.
ஆனையின் காலடியில் கூட ஒரு கீறல் இல்லை.
நளீர் கொஞ்ச நேரம் மூச்சே விடவில்லை.
"அறுபதைத் தாண்டும் மிஸ். எழுபதுக்கு."

கடல் வந்து போய் ஏழு கிழமை.
ஒருவர் ஷொப்பிங் பையில் கொண்டு வந்தார்.
"வீடு இருந்த இடத்தில, மண்ணுக்குள்ள, டின்னுக்குள்ள."
வங்கி வெள்ளி எடுக்காது என்றேன்.
அவர் போகவில்லை.
தராசில் வைத்தேன். எட்டேமுக்கால் கிராம்.
அன்றைய வெள்ளி விலைக்கு இருநூறு ரூபா.
என் கைப்பையில் இருந்து இருநூற்றைம்பது கொடுத்தேன்.
அந்த ஐம்பதை இவ்வளவு காலம்
தருமம் என்று நினைத்திருந்தேன்.

அப்போது எனக்குத் தெரியாது என்று சொல்லலாம்.
ஆனையைக் கண்டதும்
விரல் விளிம்புக்குப் போனது.
விரலுக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கு ரசீது இல்லை.
ரசீது இல்லாததால் பெயரும் இல்லை.
கதைத்த விதத்தில் மருதமுனைப் பக்கமாய் இருக்கலாம்.
கால்களில் செருப்பு வேறு வேறு சோடி.
அது மட்டும் நினைவிருக்கு.

படிவத்தில் ஒரு பெட்டி: உரிமையாளர் பெயர்.
அதற்குக் கீழே: காசு கிடைத்த விதம், விரும்பினால் மட்டும்.
முதலாவதில் என் பெயர்.
இரண்டாவதில் 'ரூ. 250' என்று எழுதிவிட்டு
பேனையை மூடாமல் இருந்தேன்.

பின்னேரம் நளீர் வந்து உறையைத் திறந்து பார்த்தார்.
சேது. இறைசால். மூன்றாவதில் நின்றார்.
"விக்டோரியா? இது புளி போட்டதெல்லோ மிஸ்?
சும்மா பன்னீராயிரம்..."

ஓம், எனக்குத் தெரியும் என்றேன்.
எழுத்தில வேணும்.